கவசம் அணிந்தால் காலம் திரும்புமா?

கிரேக்க நாட்டின் ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் வெண்கலத் தலைக்கவசம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. பச்சை படர்ந்து, சிதைவுற்றுக் காணப்படும் அக்கவசத்தின் விளிம்பில் சில எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. மில்டியாடீஸ் என்பவர் சீயஸ் தெய்வத்துக்குப் படைத்தது என்பது அவற்றின் பொருள். கி.மு. 490-ஆம் ஆண்டில் மாரத்தான் சமவெளியில் பாரசீகப் படையை எதிர்த்து வென்ற ஏதென்ஸ் படைத்தலைவர் மில்டியாடீசே அவர் என்று கருதப்படுகிறது. காண வருவோர் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று, கண்களுக்காக விடப்பட்ட இடைவெளியின் வழியே உள்ளே நோக்குகின்றனர். உள்ளே முகம் இல்லை, இருளே இருக்கிறது.

அந்த இருளை நிரப்ப மனிதன் இருவழிகளை நாடுகிறான். பண்டைய நூல்களையும் கல்வெட்டுகளையும் கற்றல் ஒரு வழி. அதைப் போன்ற கவசத்தைத் தானே செய்து தன் தலையில் அணிந்து பார்த்தல் மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழி, கடந்த ஐம்பது ஆண்டுகளில் மேலை நாடுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது. ஆய்வாளரும் ஆர்வலரும் குழுக்களாகக் கூடுகின்றனர். வெண்கலத்தை அடித்துத் தலைக்கவசம் செய்கின்றனர்; மரத்தைக் கடைந்து கேடயம் ஆக்குகின்றனர்; கம்பளி நூற்று ஆடை நெய்கின்றனர்; வாற்கோதுமையைக் கல்லில் அரைத்து உண்கின்றனர். சில நாள்கள் பண்டைய கிரேக்கராகவே வாழ்ந்து பார்க்கின்றனர்.

இஃது அறிவு தேடும் முயற்சியா, அன்றி வளர்ந்தோர் ஆடும் விளையாட்டா? அவ்வினாவுக்கு விடை காண்பது ஓரளவு எளிது. அதனினும் கடினமான வினா ஒன்று அதன் பின்னே நிற்கிறது. இறந்துபோன ஒரு மக்களின் வாழ்க்கையை எடுத்து அணிந்துகொள்ள உயிரோடிருப்போர்க்கு உள்ள உரிமை யாது? அவ்வுரிமையோடு சேர்ந்து வரும் கடமை யாது? மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் எவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

செய்து அறிதல்

கைகளுக்கும் ஓர் அறிவு உண்டு என்பதைப் பழங்கால மெய்யியலாரே ஒப்புக்கொண்டனர். கட்டடம் கட்டுவதால்தான் ஒருவன் கட்டடக் கலைஞன் ஆகிறான். யாழ் வாசிப்பதால்தான் யாழ்வல்லான் ஆகிறான். அதுபோல் நேர்மையான செயல்களைச் செய்வதால்தான் நேர்மையாளன் ஆகிறான் என்பது அரிஸ்டாட்டில் கொள்கை. இத்தாலிய அறிஞர் விக்கோ, மனிதன் தான் உண்டாக்கியதையே முழுமையாக அறிய வல்லவன் என்னும் கருத்தை 1710-ஆம் ஆண்டில் வெளியிட்டார். செய்கையும் உண்மையும் ஒன்றுக்கொன்று உறவுடையவை என்பது இவ்விருவர் கருத்துக்கும் பொதுவான அடிப்படை.

இவ்வுண்மைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் விஸ்கான்சின் கிரீன்பே பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு முயற்சி. பண்டைய கிரேக்கர் வெண்கல மார்புக் கவசத்தோடு, ஆளிநார்த் துணியால் ஆன கவசத்தையும் அணிந்தனர். ஹோமரின் இலியத்தில் அதைப் பற்றிய குறிப்பு உண்டு. பொம்பெய் நகரில் 1831-இல் கண்டெடுக்கப்பட்ட வண்ணக்கல் ஓவியத்தில் அலெக்சாந்தர் அத்தகைய கவசம் பூண்டவராகவே காட்சியளிக்கிறார். ஆயினும் துணி மட்கிப் போகும் பொருளாதலின், முழுக்கவசம் ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை. துணி அம்பைத் தடுக்குமா என்ற ஐயம் நெடுநாள் நிலவியது.

பேராசிரியர் கிரெகரி ஆல்டிரெட்டும் அவர்தம் மாணவரும் அக்கவசத்தைச் செய்து பார்க்கத் துணிந்தனர். கைத்தறியில் நெய்த ஆளிநார்த் துணியைப் பல அடுக்குகளாக அடுக்கி, முயல் தோலிலிருந்து காய்ச்சிய பசையால் ஒட்டினர். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிப்புடைய பலகை போன்ற துணி கிடைத்தது. அதை வேண்டிய வடிவில் வெட்ட முற்பட்டபோது கத்தரிக்கோல் தோற்றது. இறுதியில், உலோகம் அறுக்கும் மின்வாளின் உதவியை நாட நேர்ந்தது. மின்வாள் இல்லாத காலத்தில் இது நடந்திருக்க இயலாது. ஆகவே, முதலில் ஒவ்வோர் அடுக்கையும் வடிவாக வெட்டிய பின்னரே ஒட்டியிருக்க வேண்டும் என்று அவர்கள் உணர்ந்தனர். எந்த ஏட்டிலும் எழுதப்படாத பாடம் இது. பிழை செய்த கையே இதைக் கற்றுத் தந்தது. பின்னர் அம்பெய்து சோதித்தபோது, அக்காலத்து அம்புகளை எதிர்த்து நிற்கும் வலிமை அத்துணிக்கு இருப்பதும் தெரிய வந்தது. ஆய்வின் முடிவுகள் 2013-இல் நூலாக வெளிவந்தன.

எனினும், இங்கே ஒரு தடை எழுகிறது. அடுக்குகள் பசையால் ஒட்டப்பட்டன என்று எந்தப் பண்டை நூலும் கூறவில்லை. அவை தைக்கப்பட்டிருக்கலாம், நெசவே தடிப்பாக அமைந்திருக்கலாம், ஓவியங்களில் காணும் வெண்கவசங்களுள் சில தோலாகவும் இருக்கலாம் என்று பிற அறிஞர் மறுத்துரைக்கின்றனர். இம்மறுப்பில் ஆழ்ந்த நுட்பம் ஒன்று உள்ளது. 'இவ்வாறு செய்ய இயலும்' என்பதை மட்டுமே செய்கை மெய்ப்பிக்கும். 'இவ்வாறே செய்தனர்' என்பதை அது மெய்ப்பிக்காது. இயலும் என்பதற்கும் நிகழ்ந்தது என்பதற்கும் இடையே உள்ள பள்ளத்தைச் சுத்தியலாலும் ஊசியாலும் நிரப்ப முடியாது. அப்பள்ளத்தை மறைக்காமல் காட்டுவதே செய்பவனின் முதல் நேர்மை.

அணிந்து அறிதல்

செய்த கவசத்தை அணிந்து நடக்கும்போது உடல் பேசத் தொடங்குகிறது. 1960-ஆம் ஆண்டில், மைசீனி நகருக்கு அண்மையிலுள்ள டெண்ட்ரா என்னுமிடத்துக் கல்லறை ஒன்றில், கி.மு. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முழுவெண்கலக் கவசம் கிடைத்தது. கழுத்து முதல் முழங்கால் வரை தகடுகளால் மூடும் அக்கவசத்தோடு காட்டுப்பன்றியின் கொம்புகளால் ஆன தலைக்கவசமும் கிடைத்தது. இத்துணைச் சுமையோடு போர் புரிதல் இயலாது. இது விழாக்கோலமாகவே இருக்க வேண்டும் என்று பலர் கருதினர். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு இக்கருத்தை மாற்றியது. தெசலிப் பல்கலைக்கழக ஆய்வாளரின் வேண்டுகோளை ஏற்று, கிரேக்க ஆயுதப் படைகளின் மரைன் வீரர் 13 பேர் அதன் படியை அணிந்து, இலியத்தின் போர்க் காட்சிகளைத் தழுவி வகுக்கப்பட்ட பயிற்சிகளை 11 மணி நேரம் செய்தனர். ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒலிவம், வெங்காயம் எனப் பழைய உணவையே உண்டனர். போர்க்களத்தில் அதை அணிந்து நாள் முழுதும் இயங்க முடியும் என்று ஆய்வாளர் முடிவு கூறினர்.

ஆயின், உடலின் சாட்சியமும் எப்போதும் ஒரே குரலில் பேசுவதில்லை. மாரத்தான் போரில் ஏதென்ஸ் வீரர்கள் எட்டு ஸ்டேடியத் தொலைவை, அதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டரை, ஓடியே கடந்து பகைவர்மேல் பாய்ந்தனர் என்று ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். 1970-களில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக அறிஞர் இருவர், உடற்கல்வி மாணவர்க்குச் சுமை ஏற்றி ஓடவிட்டு ஆராய்ந்து, ஹெரோடோட்டஸ் கூற்று நடவாத செயல் என்றனர். பின்னாளில், கவசத்தின் எடையை மறுபடியும் கணக்கிட்டோர், முன்னோர் எண்ணிய அளவுக்கு அது கனமானதன்று என்று கண்டனர். 2010-இல் மாரத்தான் போரைப் பற்றி நூல் எழுதிய பீட்டர் கிரென்ட்ஸ், அவ்வோட்டம் மிதமான வேகத்தில் நடந்திருக்கக் கூடியதே என்று வாதிட்டார். ஓடிய மாணவர் பொய் சொல்லவில்லை. அவர்கள் முதுகில் ஏற்றிய சுமையை முடிவு செய்தவர் கருத்தே விடையையும் முடிவு செய்தது. சோதனைக்குள் நாம் எதை வைக்கிறோமோ, அதையே சோதனை நமக்குத் திருப்பித் தருகிறது.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும், அணிந்து அறியும் அறிவுக்குத் தனிச்சிறப்பு உண்டு என்பதை மறுக்கலாகாது. கொரிந்தியத் தலைக்கவசத்தை அணிந்த எவர்க்கும் உலகம் சுருங்கிப் போகிறது. செவிக்குத் துளை இல்லை. பக்கப் பார்வை இல்லை. தன் மூச்சின் ஒலியே பேரொலியாகக் கேட்கிறது. ஸ்பார்ட்டா வீரர்கள் குழலோசைக்கு ஏற்ப அடியெடுத்து வைத்தனர் என்று துசிடிடீஸ் எழுதியிருப்பதன் பொருள் அப்போது புதிதாய் விளங்குகிறது. கட்டளையின் சொற்கள் கேளாத செவிக்கும் தாளம் எட்டும்.

கேடயம் கற்பிக்கும் பாடம் இதனினும் பெரிது. ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் குறுக்களவும் 6 முதல் 8 கிலோ எடையும் உடைய அவ்வட்டக் கேடயத்தின் நடுவிலுள்ள வளையத்துள் இடக்கை முழங்கை வரை நுழைகிறது. விளிம்பிலுள்ள கயிற்றைக் கைவிரல்கள் பற்றுகின்றன. இவ்வாறு பிடித்தால் கேடயத்தின் ஒரு பாதியே ஏந்தியவனைக் காக்கும். மறு பாதி இடப்புறம் நீண்டு பக்கத்தில் நிற்பவனைக் காக்கும். அதனால் ஒவ்வொருவனும் தன் வலப்புறத் தோழனின் கேடயத்தை நாடி ஒதுங்க, படை முழுதும் மெல்ல மெல்ல வலப்புறம் சாய்ந்து நகரும் என்கிறார் துசிடிடீஸ். ஸ்பார்ட்டாவில், தலைக்கவசத்தைப் போரில் இழந்தவனை இகழ்வதில்லை. கேடயத்தை இழந்தவனையே இகழ்வர். அதற்குக் காரணம் கேட்டபோது, தலைக்கவசம் தனக்காக அணிவது, கேடயமோ அணியில் நிற்கும் அனைவர்க்காகவும் ஏந்துவது என்று டெமராட்டஸ் விடை கூறியதாகப் புளூட்டார்க் குறித்துள்ளார். இவ்விடையைப் படிப்பவன் பாராட்டுவான். கேடயத்தை ஏந்தி வரிசையில் நின்றவனோ, தன் விலாவின் வலப்பக்கம் அண்டையில் நிற்பவனின் நேர்மையை நம்பித் திறந்து கிடப்பதை உணர்வான்.

பிளேட்டோவின் தடை

போலச் செய்யும் எதன்மேலும் ஐயம் கொண்டவர் பிளேட்டோ. 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் மூன்று கலைகள் உண்டு என்கிறார் அவர். பயன்படுத்தும் கலை, செய்யும் கலை, போலச் செய்யும் கலை என்பன அவை. குதிரையின் கடிவாளம் எப்படி அமைய வேண்டும் என்பதைக் குதிரை ஏறுபவனே உண்மையில் அறிவான். அவன் சொல்லக் கேட்டுச் செய்யும் தொழிலாளி சரியான நம்பிக்கை உடையவன். கடிவாளத்தை ஓவியமாகத் தீட்டுபவனோ இரண்டும் இல்லாதவன். தோற்றத்தை மட்டும் அறிந்தவன்.

இவ்வளவுகோலால் அளந்தால், கிரேக்கக் கவசத்தை இன்று மீட்டுச் செய்பவன் எந்தப் படியில் நிற்கிறான்? அவன் தொடங்குமிடம் மூன்றாம் படியே. மட்கலத்தில் தீட்டிய ஓவியத்தைப் பார்த்துத் தோற்றத்தைப் பின்பற்றுகிறான். ஆனால் அங்கேயே நின்றுவிடுவதில்லை. உலைக்களத்துக்குச் சென்று செய்பவன் ஆகிறான். வெயிலில் அணிந்து நடந்து பயன்படுத்துபவனும் ஆகிறான். பிளேட்டோவின் ஓவியன் ஏற மறுத்த படிகளில் இவன் ஒவ்வொன்றாக ஏறுகிறான். அவ்வளவில் இவன் முயற்சி வெறும் போலி அன்று, மதிக்கத்தக்கதே.

ஆயினும், கடைசிப் படியில் இவன் கால் வைப்பதில்லை. கவசத்தின் பயன் நடப்பதோ ஓடுவதோ அன்று. கொல்லும் இடத்தில் கொல்லப்படாமல் நிற்பதே அதன் பயன். இன்றைய விளையாட்டுப் போரில் ஈட்டிமுனை மழுங்கடிக்கப்பட்டிருக்கும். விழுந்தவன் எழுந்து புழுதி தட்டிக்கொள்வான். மாலையில் இருதரப்பாரும் ஒன்றாய் உண்பர். ஆகவே, அச்சத்தை இவன் அறியான். அருகில் விழுந்த தோழனின் குருதி தன் காலில் படுவதை அறியான். இக்குறையை நீக்க வழி உண்டா? உண்டு, ஆனால் அவ்வழியில் எவரும் செல்லக்கூடாது. இவ்விடத்தில் அறிவின் எல்லையை வகுப்பது அறமே. உண்மை முழுதும் தெரிய வேண்டும் என்பதற்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை எந்த ஆய்வாளனுக்கும் இல்லை. தெரியாமல் இருப்பதே சிறப்பு என்று கொள்ளத்தக்க சில செய்திகளும் உலகில் உண்டு.

துடுப்பை அசைத்தது எது?

பொருளை மீட்டுவிடலாம், பொருளை இயக்கிய நோக்கத்தை மீட்க முடியுமா? இவ்வினாவுக்கு ஒரு கப்பல் விடை சொல்கிறது. பண்டைய ஏதென்சின் கடல் வலிமைக்கு அடிப்படையாக விளங்கியது மூவடுக்குத் துடுப்புக் கப்பல். அதில் துடுப்புகள் எவ்வாறு அமைந்திருந்தன என்பது பற்றி 1975-இல் இங்கிலாந்தின் 'டைம்ஸ்' நாளேட்டில் அறிஞர்களிடையே கடிதப் போர் மூண்டது. அதன் விளைவாக ஜான் மோரிசன் என்னும் கிரேக்க அறிஞரும் ஜான் கோட்ஸ் என்னும் கப்பல் வடிவமைப்பாளரும் ஒன்றுபட்டு உழைத்தனர். கிரேக்கக் கடற்படையின் ஆதரவோடு 'ஒலிம்பியாஸ்' என்னும் கப்பல் உருவாகி 1987-இல் கடல் கண்டது. 170 தன்னார்வலர் மூன்று அடுக்குகளில் அமர்ந்து துடுப்பு வலித்தனர். இப்படியொரு கப்பல் மிதக்காது என்றோரின் வாய் அடைபட்டது. குறுகிய நேரத்துக்கு ஏறத்தாழ 9 கடல்மைல் வேகத்தையும் அது எட்டியது. ஆயினும், பண்டை நூல்கள் கூறும் நெடும்பயண வேகத்தை அதனால் நிலையாகத் தக்கவைத்துக்கொள்ள இயலவில்லை.

கப்பலின் அமைப்பில் குறை இருக்கலாம். பயிற்சியில் குறை இருக்கலாம். வேறொரு காரணத்தையும் எண்ணிப் பார்க்க இடம் உண்டு. கி.மு. 427-இல் மித்திலீன் என்னும் நகரம் ஏதென்சுக்கு எதிராகக் கிளர்ந்து தோற்றது. சினங்கொண்ட ஏதென்ஸ் மக்களவை, அந்நகரின் வயதுவந்த ஆடவர் அனைவரையும் கொல்லவும் பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கவும் முடிவு செய்து, கட்டளையோடு ஒரு கப்பலை அனுப்பியது. மறுநாள் மக்கள் மனம் வருந்தினர். அவை மீண்டும் கூடியது. சிறு வாக்கு வேறுபாட்டில் முன்னைய முடிவு மாற்றப்பட்டது. இரண்டாம் கப்பல் விரைந்தது. முதற் கப்பல் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் முந்திச் சென்றிருந்தது. இரண்டாம் கப்பலில் இருந்தோர் துடுப்பை வலித்தவாறே மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த வாற்கோதுமை மாவை உண்டனர், முறைவைத்து உறங்கினர், கரை ஒதுங்கவில்லை. விரைந்து சேர்ந்தால் பரிசு தருவதாக மித்திலீன் தூதர் வாக்களித்திருந்ததும் உண்மை. முதற் கப்பலில் இருந்தோரோ, தாம் சுமந்து செல்லும் கொடிய செய்தியின் காரணமாக மெல்லவே சென்றனர். கொலைக் கட்டளை படிக்கப்பட்டு நிறைவேற்றப்பட இருந்த நேரத்தில் இரண்டாம் கப்பல் கரை சேர்ந்தது. நகரம் தப்பியது. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியோர் என ஏதென்சில் சிறை வைக்கப்பட்டோரை அவ்விரக்கம் எட்டவில்லை, அவர்கள் கொல்லப்பட்டனர். இவ்வரலாற்றைத் துசிடிடீஸ் உருக்கம் காட்டாத நடையில் எழுதி வைத்துள்ளார்.

இரு கப்பல்களும் ஒரே மரத்தால் ஆனவை, ஒரே அளவானவை, ஒரே நகரத்தார் வலித்தவை. ஒன்று தயங்கியது, ஒன்று பறந்தது. வேறுபாடு துடுப்பில் இல்லை, செய்தியில் இருந்தது. 'ஒலிம்பியாசை' எவ்வளவு நுணுக்கமாகக் கட்டினாலும், அதில் ஏறியோர் மனத்தில் அப்படியொரு செய்தியை ஏற்ற முடியாது. வரலாறு என்பது பண்டையோர் எண்ணத்தை ஆய்வாளன் தன் உள்ளத்தில் மறுபடியும் எண்ணிப் பார்ப்பதே என்றார் கோலிங்வுட். அவருடைய 'வரலாறு பற்றிய கருத்து' என்னும் நூல், அவர் மறைவுக்குப் பின் 1946-இல் வெளிவந்தது. மித்திலீன் கப்பலை நினைத்தால் அவர் கூற்றின் உண்மை புலனாகும். துடுப்பு வலிக்கும் தோள் ஒன்றை அறியும். துசிடிடீசைக் கற்கும் உள்ளம் மற்றொன்றை அறியும். இரண்டும் சேர்ந்தாலன்றி அக்கப்பல் நகராது.

எவருடைய வாழ்க்கை?

இனி, இம்முயற்சியின் அறச் சிக்கலுக்கு வருவோம். பண்டைய கிரேக்கராகக் கோலம் பூண விரும்புவோரில் பெரும்பாலோர் போர்வீரர் கோலத்தையே விரும்புகின்றனர். அதிலும் ஸ்பார்ட்டா வீரரின் செம்மேலாடைக்கு உள்ள மதிப்பு பெரிது. ஆனால் கி.மு. 479-இல் பிளாட்டியாப் போருக்குச் சென்ற ஸ்பார்ட்டா குடிமக்கள் 5,000 பேர். அவர்கள் ஒவ்வொருவரோடும் ஹெலட் என்னும் அடிமை உழவர் எழுவர் சென்றனர் என்று கணக்குத் தருகிறார் ஹெரோடோட்டஸ். அவ்வகையில் ஹெலட்டுகளின் தொகை 35,000 ஆகிறது. வரலாற்றுக்கு உண்மையாக இருக்க விரும்பும் குழுவொன்றில், செம்மேலாடை அணிந்த ஒருவர்க்குப் பின்னே எழுவர் சுமை தூக்கி நடக்க வேண்டும். அவ்வெழுவர் கோலத்தைப் பூண முன்வருவோர் எத்துணைப் பேர்?

ஏதென்சின் நிலையும் இதற்கு வேறன்று. சலாமிஸ் கடற்போரை வென்ற கப்பல்கள் லாரியன் வெள்ளிச் சுரங்கத்தின் வருவாயால் கட்டப்பட்டவை. நிமிர்ந்து நிற்கவும் இயலாத சுரங்க வழிகளில், சிறு எண்ணெய் விளக்கின் ஒளியில், அடிமைகள் பாறையை உடைத்தனர். நிக்கியாஸ் என்னும் செல்வர் 1,000 அடிமைகளைச் சுரங்க வேலைக்கு வாடகைக்கு விட்டார் என்று செனபோன் எழுதுகிறார். ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஓர் ஓபல் வாடகை. ஆள்தொகை குறையாமல் பார்த்துக்கொள்வது வாடகைக்கு எடுத்தவரின் பொறுப்பு. இந்த இறுதி விதியை ஒருமுறைக்கு இருமுறை படித்தல் வேண்டும். ஆள்கள் குறைவர் என்பது எதிர்பார்க்கப்பட்டது. குறைந்தால் புதியவர் வாங்கப்பட வேண்டும் என்பது ஒப்பந்தம். அடிமையை உயிருள்ள கருவி என்று வகைப்படுத்திய அரிஸ்டாட்டில்தான், நேர்மையான செயலால் நேர்மையாளன் ஆகலாம் என்றும் போதித்தார்.

போரை விட்டு வீட்டை நோக்கினாலும் இதே மறைவு காத்திருக்கிறது. துணிக்கவசத்தின்மீது அம்பு எய்யும் சோதனை ஒரு நொடியில் முடிந்துவிடும். அத்துணி உருவான கதையோ மாதக்கணக்கில் நீள்வது. ஆளிச் செடியைப் பிடுங்கி, நீரில் ஊறவைத்து, அடித்து, நார் பிரித்து, சீவி, தக்களியில் நூற்று, பாவு நூல்களின் நுனியில் மண்குண்டுகள் கட்டிய நிமிர்ந்த தறியில் நெய்ய வேண்டும். நூற்பும் நெசவும் பெரும்பாலும் பெண்டிரும் அடிமைப் பெண்டிரும் செய்த வேலைகள். அகழ்வாய்வில் கிடைக்கும் தறிக்குண்டுகள் வெண்கலத் தலைக்கவசம்போல் கண்ணைக் கவர்வதில்லை. ஆயினும், நூற்றும் நெய்தும் பார்த்த ஆய்வாளர்கள் ஒன்றை உறுதியாகச் சொல்கின்றனர். ஒரு கப்பலின் பாயும் ஒரு வீரனின் ஆடையும் எண்ணற்ற கைகளின் பகலையும் இரவையும் விழுங்கியே உருவாயின. வீரம் என்று போற்றப்படுவதன் அடியில் இழையாக ஓடியது அவ்வுழைப்பே.

எனவே, பண்டைய வாழ்க்கையை மீட்டுக் காட்டுதல் தவறன்று. அதில் விரும்பிய பாதியை மட்டும் மீட்டுக் காட்டுதலே தவறு. கவசத்தை அணிபவன் அதைச் சுமந்து வந்தவனையும் நினைவில் அணிய வேண்டும். இறந்தோர் எழுந்து வந்து, 'எம்மை ஏன் விட்டுவிட்டீர்?' என்று கேட்கப் போவதில்லை. கேட்க இயலாதவர்க்கு இழைக்கும் அநீதியும் அநீதியே.

தைத்த இடம் தெரிய வேண்டும்

கிரேக்கச் சிலைகள் வெண்பளிங்கின் தூய்மைக்குப் பெயர்பெற்றவை. அவை அக்காலத்தில் பல வண்ணம் பூசப்பட்டு விளங்கின என்பதைப் பளிங்கில் எஞ்சிய நிறத்துகள்களால் அறிஞர் நிறுவியுள்ளனர். 2003-இல் மியூனிக் நகரில் வண்ணம் தீட்டிய படிகளின் கண்காட்சி தொடங்கியது. செம்மஞ்சளும் நீலமும் பூத்த கட்டங்கள் நிறைந்த உடையோடு ஏஜினாக் கோவில் வில்லாளன் நின்றபோது, பார்த்தோர் பலர் திகைத்தனர், சிலர் முகஞ்சுளித்தனர். அவர்கள் காதலித்த வெண்மை கிரேக்கருடையதன்று. காலம் வண்ணத்தைக் கழுவியதால் வந்தது. நல்ல மீட்டுருவாக்கம் காண்போர் விருப்பத்துக்குப் பணி செய்யாது. அவர் விருப்பத்தையே திருத்தும்.

அதே வேளையில், அவ்வண்ணங்களின் அடர்த்தியும் சாயலும் சரிதானா என்று வல்லுநர் இன்றும் வாதிடுகின்றனர். ஆகவே, இது சான்று, இஃது ஊகம் என்று வேறுபடுத்திக் காட்டுதல் கடமையாகிறது. பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கையில் புதிதாய்ச் சேர்த்த பகுதி பழையதினின்றும் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் விதித்தது. ஏதென்சின் பார்த்தினான் கோவிலில் புதுப்பளிங்கு பழுப்பேறிய பழம்பளிங்கின் நடுவே வெண்மையாய்த் தெரிவதை எவரும் காணலாம். கிழிந்த ஆடையைத் தைத்தால் தையல் தெரியாதிருத்தல் தையற்காரனுக்குப் பெருமை. வரலாற்றைத் தைப்பவனுக்கோ தையல் தெரிவதே பெருமை.

தமிழர்க்கு இதில் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. கிரேக்கரையும் பின்னாளில் உரோமரையும் யவனர் என்றழைத்த சங்கச் சான்றோர், அவர்களைக் கண்ணாரக் கண்டவர்கள். முல்லைப்பாட்டு, வேந்தனின் பாசறையில் காவல் நின்ற யவனரின் உடையையும் அச்சந்தரும் தோற்றத்தையும் குறிக்கிறது. கண் முன்னே நின்ற மனிதரைப் பாடிய புலவர்க்கே உடைதான் எளிதில் புலப்பட்டது. தொலைதேசத்துப் பாசறையில் நள்ளிரவில் விழித்திருந்த அக்காவலர் நெஞ்சில் என்ன ஓடியது என்பது பாட்டில் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்து, கவசத்தின் படியை வைத்துக்கொண்டு அந்நெஞ்சை அறிந்துவிட்டதாக இன்று ஒருவர் கூறுவாராயின், அவர் சற்று நிதானித்தல் நன்று.

கழற்றும் கலை

பள்ளிக் கலைவிழாவில் அட்டைக் கேடயம் ஏந்தி, வெள்ளித்தாள் ஒட்டிய தலைக்கவசம் அணிந்து நிற்கும் சிறுவனுக்கு மகிழ்ச்சி மிகுதி. அம்மகிழ்ச்சியைப் பறிக்க வேண்டுவதில்லை. அவன் கேடயத்தின் மறுபாதி எவனைக் காக்கிறது என்று ஆசிரியர் கேட்கலாம். அவன் மேலாடையை நூற்றவர் யார், போர்க்களம் வரை அவன் கேடயத்தைச் சுமந்து வந்தவர் யார் என்று கேட்கலாம். அடிமையாக நடிக்க ஏன் எவரும் முன்வரவில்லை என்றும் கேட்கலாம். அக்கேள்விகளோடு அணிந்தால் அட்டைக் கேடயமும் வரலாறு கற்பிக்கும். கேள்வி இன்றி அணிந்தால் வெண்கலக் கேடயமும் வேடப்பொருளே.

ஒலிம்பியாவின் தலைக்கவசத்திடம் மீண்டும் வருவோம். மண்ணுக்கடியில் இருபத்து நான்கு நூற்றாண்டுகளாக அதைக் காத்து வைத்தது எது? போர்க்களத்தில் விழுந்திருந்தால் அது பகைவர் கைக்குப் போயிருக்கும். உருக்கப்பட்டு வேறு பொருளாகியிருக்கும். போர் முடிந்த பின் ஒருவன் அதைத் தன் தலையினின்றும் கழற்றித் தெய்வத்தின் முன் வைத்தான். அதனாலேயே அஃது எஞ்சியது. அணிந்த கதையோடு கழற்றிய கதையையும் அது சொல்கிறது.

கவசம் அணிந்தால் காலம் திரும்பாது. அணிபவன்தான் சிறிது தொலைவு சென்று திரும்புகிறான். சென்ற இடத்தில் வீரனை மட்டும் பார்க்காமல், சுமந்தவனையும் நூற்றவளையும் சுரங்கத்தில் மறைந்தவனையும் கண்டு திரும்புவானாயின், அப்பயணம் பயனுடையது. திரும்பி வந்தபின் கவசத்தைக் கழற்றி வைக்கவும் அவன் அறிந்திருக்க வேண்டும். கழற்றிய தலைக்குத்தான் இன்றைய உலகின் ஓசைகள் தெளிவாகக் கேட்கும். பக்கத்தில் நிற்பவனின் முகமும் அப்போதுதான் முழுமையாகத் தெரியும்.